மடியில் தொதல், மரத்தில் மாப்பிள்ளை

மருத மரத்தின் மேலே இரண்டு பேர். மரத்தடியில் ஒரு கரடி.

மேலே இருப்பவர்களில் ஒருவர், எனக்குக் கலியாணமாகி ஒரு வருசங்கூட ஆகாத என் கணவர். அவருடைய துவக்கு கீழே, கரடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. தோட்டாக்கள் மேலே, இன்னொருவரான கபூர் மாஸ்டரின் சட்டைப் பையில் இருக்கின்றன.

வெட்டாத வயலுக்கு இந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், காவல் பரணின் மேல் நானும் உம்மாவும் நிற்கிறோம். அஸர் தொழுகை முடிந்து வெயில் சாய்ந்த நேரம். காற்றில் நெற்கதிர் வாசமும், நாங்கள் காலையிலிருந்து கிண்டிய தொதல் இனிப்பின் வாசமும் கலந்து வருகிறது.

கரடி மூக்கை மேலே தூக்கிப் பார்த்தது. பிறகு மரத்தைக் கட்டிப் பிடித்தது.

உம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"மகள், மருமகனுக்குச் செல்லு! மடியில இரிக்கிற தொதல வீசச் செல்லு!"

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதை விளக்கவேண்டும். கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆனால் பெண்ணைப் பெற்றவள் அவர் முன்னால் வரமாட்டாள், நேரே பேசவும் மாட்டாள். உம்மா கதவுச்சீலைக்குப் பின்னால் நின்று, "மகள், மருமகனுக்குக் கறி போதுமா எண்டு கேளு" என்பார். சீலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற மருமகன் அதைக் காதாரக் கேட்டுவிட்டு, "போதும் எண்டு செல்லுங்க" என்று என்னிடம் சொல்வார். நடுவில் நான் தபால்காரி.

மருமகனின் காலுக்குக் கீழே கரடி ஏறிக்கொண்டிருக்கும்போதும் உம்மா தபாலைத்தான் நம்பினார். தபால்காரிக்கோ தொண்டை அடைத்துவிட்டது.

ஆதம்பாவாவின் முகம்

அது எழுபதுகளின் கடைசி. எங்கள் வட்டை ஊருக்கு மேற்கே, காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது. வட்டை என்றால் எங்கள் பாசையில் வயல்வெளி. அந்த வட்டை நெல்தான் எங்கள் வீட்டில் வருசம் முழுவதும் உலைக்குப் போகும்.

ஆதம்பாவா எங்கள் முல்லைக்காரர். விதைப்பிலிருந்து சூடு மிதித்துப் போரடிக்கும்வரை, வயல் குடிலான வாடியிலேயே தங்கி வயலைப் பார்க்கிற ஆள். அந்தச் சிறுபோகத்தில், கதிர் முற்றி வருகிற நேரத்தில், விடியற்காலையில் வரம்பில் தண்ணீர் விடுகிற வக்கடையைத் திறக்கப் போனவரைக் கரடி பிடித்துவிட்டது. பாலைப்பழக் காலம் முடிந்து, வரம்பில் கறையான் தோண்டிக்கொண்டு நின்ற கரடியாம். ஒரு கண்ணும் பாதிக் கன்னமும் போய்விட்டன. உயிர் பிழைத்தது அல்லாஹ்வின் கிருபை.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு வந்த மற்றக் காவல்காரர்கள் வாடிக்குத் திரும்பவே இல்லை.

"போடியார், கூலியக் கூட்டித் தந்தாலும் ஏலா. அந்தக் கறுத்தவன் போனாத்தான் நாங்க வருவம்" என்று வயல் சொந்தக்காரரான வாப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். காட்டில் நடமாடுகிறவர்கள் கரடியைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். பெயர் சொன்னால் வந்துவிடுமாம்.

காவல் இல்லாத வயல் யாருடையது? முதலில் பன்றியுடையது, பிறகு யானையுடையது. இன்னும் கொஞ்ச நாளில் வெட்டவேண்டிய நெல். வாப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆள்களுக்கு ரோசம் வரட்டும் என்று எங்களையே வாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்தார். உம்மாவும் நானும் ஆதம்பாவாவின் பெண்சாதி கதீசாவும் பகல் முழுவதும் தகரம் தட்டி வயலைக் காத்தோம். ரோசம் ஒருவருக்கும் வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் என் கணவர் வாயைத் திறந்தார். "கரடி என்ன பெரிய கரடி? நான் பாத்துக்கொள்றன் எண்டு மாமாக்கிட்டச் செல்லுங்க."

இவர் மருதமுனைக்காரர். தறிச் சத்தத்தில் பிறந்து தறிச் சத்தத்தில் வளர்ந்தவர். அதுவரை இவர் கண்ட காடு, சாரன் கரையில் நெய்கிற இலையும் பூவுந்தான். ஆனால் புது மாப்பிள்ளை. மாமனார் சோறு தின்னாமல் எழும்புவதைப் பார்த்துக்கொண்டு, மாமனார் வீட்டுக் கோழியைத் தான் தின்பது அவருக்கு ஒரு மாதிரியாக இருந்திருக்கவேண்டும். அதை வைத்துப் பார்த்தால் மனுசன் நல்லவர்தான். நல்லவர்கள் துவக்கு எடுக்கும்போதுதான் எனக்குப் பயம்.

வெள்ளைக்காரன் விட்டுப்போன புத்தகம்

கபூர் மாஸ்டர் இவருடைய சிநேகிதர். பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பிக்கிறவர். அந்தக் காலத்தில் அறுகம்பேயில் கடல் அலையில் பலகை ஓட்டுவதற்கு வெள்ளைக்காரர்கள் வந்து கிடப்பார்கள். போகும்போது செருப்பு, தொப்பி, புத்தகம் என்று எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி எவனோ விட்டுப்போன ஒரு படப் புத்தகம் மாஸ்டரின் கைக்கு வந்திருந்தது. அதில் கறுப்புக் கரடியை இரை வைத்து வேட்டையாடுவது எப்படி என்று, புதிதாகப் பழகுகிறவர்களுக்காகவே ஒரு பாடம் இருந்தது.

மாஸ்டர் அதை வாடியில் வைத்து வாப்பாவுக்கு வாசித்து விளங்கப்படுத்தினார். ஒரு பீப்பாவை மரத்தடியில் கட்டவேண்டும். அதற்குள் இனிப்பான சாமான் போடவேண்டும். வாசம் காட்டுக்குள் போகவேண்டும். வேட்டைக்காரன் மரத்தில் ஏறி அசையாமல் இருக்கவேண்டும். கரடி வந்து பீப்பாவுக்குள் தலையை விட்டதும் சுடவேண்டும்.

வாப்பா வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டார். "இது எந்த ஊர்க் கரடி மாஸ்டர்?"

"அமெரிக்கா."

"அது படிச்ச கரடியா இரிக்கும். எங்கட கரடிக்கு இங்கிலீசு தெரியுமா?"

"கரடி எண்டா எல்லாம் ஒரு சாதிதான் போடியார்" என்றார் மாஸ்டர். பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளைப் பற்றி அவர் அப்படித்தான் சொல்வார் என்று கேள்வி.

அமெரிக்காவில் கரடிக்கு ஏதோ மாவுப் பண்டத்தைச் சீனியில் புரட்டிப் போடுவார்களாம். எங்களுக்கு எது தோதாக வரும் என்று ஆலோசனை நடந்தது. வாசத்துக்குத் தொதலை மிஞ்ச எது இருக்கிறது? முடிவு ஆண்களுடையது. வேலை யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

தொதல் கிண்டியவர்களுக்குத் தெரியும். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் சக்கரையும் தாச்சியில் ஏறினால், எண்ணெய் கக்கும்வரை அகப்பையை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் அடிப்பிடிக்கும். நானும் உம்மாவும் கதீசாவும் மாறி மாறிக் கிண்டினோம். கை தோளிலிருந்து கழன்றுவிடும்போல இருந்தது. பெருநாளைக்குக்கூட நாங்கள் அப்படி ஒரு தொதல் கிண்டியதில்லை.

கதீசா ஒரு தரம் அகப்பையை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "என்ட மனிசன்ட கன்னத்தத் திண்டதுக்கு நாம தொதல் கிண்டிக் குடுக்கிறம். நல்ல நியாயம்."

உம்மா அவளிடமிருந்து அகப்பையை வாங்கிக்கொண்டார்.

ஓதின பொருள்

இந்த இடத்தில்தான் அமெரிக்கப் புத்தகத்தில் இல்லாத ஒரு பாடம் வருகிறது.

எங்கள் ஆட்கள் ஒரு காரியத்தையும் ஓதாமல் தொடங்கமாட்டார்கள். விதைக்க ஒரு பாத்திஹா, வெட்ட ஒரு பாத்திஹா, வீட்டுக்குக் கூரை ஏற்ற ஒரு பாத்திஹா. கரடிக்கு மட்டும் இல்லாமல் எப்படி? வாப்பா உழவு மெசினை அனுப்பி லெவ்வையைக் கூப்பிட்டுவித்தார். லெவ்வை ஊர்ப் பள்ளியில் ஓதிக்கொடுக்கிறவர். நல்ல குரல், அதைவிட நல்ல பசி.

சாம்பிராணி போட்டாயிற்று. உம்மா பழக்கதோசத்தில் தொதல் தட்டை என்னிடம் கொடுத்து லெவ்வையின் முன்னால் வைக்கச் சொல்லிவிட்டார். ஓதுகிற இடத்தில் தட்டு வெறுமையாக இருந்தால் எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கை நிற்காது. லெவ்வை உருகி உருகி ஓதினார். எல்லாரும் ஆமீன் சொன்னோம். லெவ்வை முகத்தைத் தடவிக்கொண்டார். பிறகு கத்தியை எடுத்துத் தொதலை வெட்டத் தொடங்கினார்.

மாஸ்டர் துள்ளி எழும்பினார். "லெவ்வை, லெவ்வை! அது கரடிக்கு!"

லெவ்வை கத்தியை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஓதின பொருளயா? இது இப்ப நார்சா, மாஸ்டர். பறக்கத்துள்ள சாமான். மனிசனுக்குப் பங்கு வைக்கிறத மிருகத்துக்குப் போடுறயா? குத்தம்."

"அப்ப வேட்டைக்கு என்ன செய்யிற?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்? ஓதத்தானே கூப்பிட்ட நீங்க?"

வாப்பாவும் தலையாட்டினார். மார்க்க விசயத்தில் லெவ்வைக்கு மேலே பேச ஆளில்லை. வாழையிலைத் துண்டுகளில் பங்கு வைத்தார்கள். நார்சாவை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. கீழே விடக்கூடாது, வீணாக்கவும் கூடாது. லெவ்வை தன் பங்கோடு, பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினாருக்கும் ஒன்று என்று இரண்டு பொட்டலம் கட்டினார். மாஸ்டர் பிள்ளைகளுக்கு என்று லேஞ்சிக் கைக்குட்டையில் முடிந்தார். என் கணவர் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, மரத்தில் இருக்கும்போது பசிக்கும் என்று மிச்சத்தைச் சாரன் மடியில் கட்டிக்கொண்டார்.

கரடிக்காகக் கட்டிய பீப்பாவுக்குள் என்ன போட்டார்கள் தெரியுமா? தாச்சி கழுவிய தண்ணீரும் ஒரு கை தேங்காய்ப் புண்ணாக்கும்.

புதிதாகக் கரடி வேட்டைக்குப் புறப்படுகிறவர்களுக்கு என் புத்திமதி ஒன்றே ஒன்று. இரை எங்கே இருக்கிறது என்பதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்

லெவ்வை மஃரிபுக்குப் பள்ளியில் நிற்கவேண்டும் என்றார். வாப்பா அவரை ஏற்றிக்கொண்டு உழவு மெசினில் புறப்பட்டார். வேட்டைக்காரர்கள் இருவரும் மருத மரத்தில் ஏறினார்கள். ஏறினார்கள் என்றால், கதீசா ஏணி பிடித்தாள். பிறகு ஏணி மரத்தில் இருக்கக்கூடாது என்று புத்தகத்தில் எழுதியிருப்பதாக மாஸ்டர் சொன்னதால், அதையும் அவளே தூக்கிக்கொண்டு எங்கள் பரணுக்கு வந்தாள்.

கரடி எங்களை அதிக நேரம் காக்கவைக்கவில்லை. இரண்டு கைகளையும் உள்பக்கம் வளைத்து வளைத்து வைத்து, சந்தைக்கு வந்த ஆள்போல ஆறுதலாக வந்தது. பீப்பாவுக்குள் மூக்கை விட்டது. உடனே வெளியே எடுத்தது. புண்ணாக்குத் தண்ணீரை முகர்ந்த எருமைகூட அப்படி முகம் சுளித்ததை நான் கண்டதில்லை.

அப்போதுதான் இவர் துவக்கை நீட்டியிருக்கிறார். "தோட்டா?" என்று கேட்டிருக்கிறார். மிருகத்தைக் காணும்வரை தோட்டா போடக்கூடாது என்பதும் புத்தகத்தில் உள்ள பாடம். மாஸ்டர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். அதில் கொப்பு ஆடி, இவர் கொப்பைப் பிடிக்கக் கையை எடுத்தார். துவக்கு கீழே விழுந்தது.

கரடி விழுந்ததைப் பார்த்தது. விழுந்த இடத்தையும் பார்த்தது. மூக்கை உயர்த்தியது.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். மரத்திலும் பயந்தான்.

இங்கேதான் நான் தொடக்கத்தில் நிறுத்திய இடம். கரடி ஏறுகிறது. உம்மா என்னை உலுக்குகிறார். "செல்லு மகள், செல்லு!" எனக்கு வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. அந்த நேரம் எனக்கு வந்த பயத்தை நான் கேலியாக எழுதமுடியாது. எனக்கு ஆதம்பாவாவின் முகந்தான் தெரிந்தது. அந்த முகத்தில் இவருடைய மீசையும் தெரிந்தது.

உம்மா என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டார். முக்காட்டை இழுத்துத் தலையில் இறுக்கிக்கொண்டார். பரணின் ஓரத்துக்குப் போய், வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் மருமகனோடு நேரே பேசினார்.

"மருமகன்! மடியில கிடக்கிறத எறியுங்க! தூரத்துக்கு எறியுங்க!"

மேலேயிருந்து, இந்த நிலையிலும், ஒரு மரியாதையான குரல் வந்தது.

"மாமி, அது நார்சா!"

"அல்லாஹ் பொறுப்பான், எறியுங்க மனே!"

இவர் மடியை அவிழ்த்து எறிந்தார். மாஸ்டரின் லேஞ்சியும் பறந்தது. கரடி பாதி மரத்தில் நின்று, விழுந்ததைப் பார்த்து, இறங்கியது. இருந்து தின்றது. இலையையும் நக்கியது. லேஞ்சியையும் சப்பியது. தின்று முடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று மறுபடி மரத்தைக் கட்டிப் பிடித்தது.

உம்மா கையை வாயருகில் வைத்துக் குரவையிட்டார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு வரும்போது பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போடுகிற அந்தக் குரவை. கதீசா சேர்ந்துகொண்டாள். அவளுடையது குரவையாகத் தொடங்கி இடையில் அழுகையாகி மறுபடி குரவையாயிற்று. அதைக் கேட்டபிறகு என் தொண்டையும் திறந்தது. மூன்று பெண்கள் ஒரு வட்டையே அதிரும்படி குரவையிட்டோம். இவர் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த அன்று போட்டது அதில் கால்வாசி இருக்காது.

கரடி இந்தச் சத்தத்தை அதற்குமுன் கேட்டிருக்காது. காதை மடக்கியது, ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு காட்டைப் பார்த்து எடுத்த ஓட்டம் நிற்கவே இல்லை.

ஒரு வெடி

கதீசா மறுபடியும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாள். இருவரும் இறங்கி வந்தார்கள். பிறகு என் கணவர் துவக்கை எடுத்தார். மாஸ்டரிடம் தோட்டாவை வாங்கினார், போட்டார், பீப்பாவைப் பார்த்து ஒரு வெடி வைத்தார்.

பீப்பா அந்த இடத்திலேயே இறந்தது.

திரும்பி வந்துகொண்டிருந்த வாப்பாவுக்கும் வழியில் நின்ற ஆட்களுக்கும் அந்த வெடிச்சத்தம் கேட்டிருக்கிறது. வாப்பா வந்து இறங்குவதற்கு முன்பே மாஸ்டர் கதையைக் கட்டி முடித்துவிட்டார். கரடி பீப்பாவுக்குள் தலையை விட்டது, தம்பி வெடி வைத்தார், வெடி கரடிக்குள்ளால் போய்ப் பீப்பாவில் ஏறியது, கரடி சாகக் காட்டுக்குள் ஓடியது. சாட்சிக்குப் பீப்பாவில் ஓட்டை இருந்தது.

வாப்பா பீப்பாவைப் பார்த்தார். கரடி சப்பிய லேஞ்சியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். கதீசா வாயைத் திறக்கப் போனாள். வாப்பா கையைக் காட்டித் தடுத்தார்.

"இரி புள்ள. இந்தக் கதை ஊருக்குப் போகட்டும். வெட்டு முடியுமட்டும் கதைதான் நமக்குக் காவல்."

அவர் சொன்னது சரியாகவே நடந்தது. மறுநாள் சந்தை கூடும் முன்பே, எங்கள் வீட்டுப் புது மாப்பிள்ளை கரடியைச் சுட்டுவிட்டார் என்று ஊர் பேசியது. காவல்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வாடிக்கு வந்தார்கள். நெல்லை வெட்டிச் சூடு வைத்தோம். சூடு மிதித்து, தூற்றி, மூடை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்த வருசம் உலைக்குக் குறை வரவில்லை. ஒரு பொய்யும் ஒரு குரவையும் சேர்ந்து காத்த நெல் அது. சம்பளம் இரண்டில் ஒன்றுக்கும் இல்லை. பெயர் மட்டும் இவருக்குக் கிடைத்தது. 'கரடி மாப்பிள்ளை' என்று இன்றுவரை சொல்கிறார்கள்.

கதவுச்சீலைக்குப் பின்னால்

நெல் வீட்டுக்கு வந்த அன்று ஆட்களுக்குச் சாப்பாடு கொடுத்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு இவர் கதையைத் தொடங்கினார். வெட்டு முடிந்துவிட்டது, கதைக்குக் காவல் வேலையும் முடிந்துவிட்டது என்பது இவருக்கு விளங்கவில்லை. கரடி வந்தது, துவக்கை எடுத்தேன், குறி பார்த்தேன் என்று சொல்லிக் கையை நீட்டினார்.

கதவுச்சீலைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரவை ஒன்று வந்தது. ஒரே ஒரு இழுப்பு.

இவருடைய கை கீழே இறங்கியது. "பொறவென்ன, ஓடிட்டு" என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொண்டார்.

உம்மா அதன்பிறகு மருமகனோடு நேரே ஒரு வார்த்தை பேசவில்லை. பழையபடி தபால்தான். ஆனால் இவர் எங்கே, யாருக்கு அந்தக் கதையைத் தொடங்கினாலும், குறி பார்க்கிற இடம் வந்ததும் சீலைக்குப் பின்னால் அந்த ஒரு இழுப்பு கேட்கும். வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்காது. யாரோ பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுகிறார்கள் என்று நினைப்பார்கள். இவர் மட்டும் வியர்ப்பார். மாமியும் மருமகனும் அப்படியே பல வருசம் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிறகு யுத்தம் வந்து காலம் கெட்டது. துவக்குகளைப் பொலிசில் கொடுக்கச் சொன்னார்கள். காட்டோர வட்டைக்குப் போகப் பயமாயிற்று. கரடிக்குப் பயந்த காலம் எவ்வளவு நல்ல காலம் என்று கதீசா ஒருநாள் சொன்னாள். அந்த நாட்களில்தான் உம்மா மவுத்தானார்.

நாற்பதாம் நாள் கத்தத்துக்கு வீடு நிறைய ஆட்கள். லெவ்வை ஓதி முடித்தார். நார்சா பங்கு வைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர், கனத்துக் கிடந்த வீட்டைக் கொஞ்சம் கலகலப்பாக்க நினைத்து, "மச்சான், அந்தக் கரடிக் கதையக் கொஞ்சம் செல்லுங்களன்" என்றார்.

இவர் மறுத்தார். விடவில்லை. தொடங்கினார். பீப்பா வந்தது, மரம் வந்தது, கரடி வந்தது. "துவக்க எடுத்தன்" என்று கையை நீட்டினார். குறி பார்க்கிற இடம்.

நீட்டிய கையோடு நிறுத்தினார். கதவுச்சீலையைத் திரும்பிப் பார்த்தார். சீலை அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் சீலைக்கு இந்தப் பக்கம் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன்.

"நான் சுடல்ல" என்றார் இவர். "துவக்கு கீழ விழுந்திட்டு. நான் மரத்தில இருந்து அழுத. எங்கட மாமிதான் குரவை போட்டுக் கரடிய வெரட்டின. அவ இல்லாட்டி நான் இல்ல."

வீடே சிரித்தது. "சும்மா பகிடி விடாதீங்க மச்சான்! பொம்புளையள்ற குரவைக்குக் கரடி ஓடுமா? சரியான கதையச் செல்லுங்க!" முதலில் சிரித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? கபூர் மாஸ்டர். "நான் பக்கத்தில இருந்த ஆள். இவர் வெடி வெச்சத என்ட ரெண்டு கண்ணாலயும் கண்ட" என்று லெவ்வையின் முன்னாலேயே சொன்னார்.

எத்தனையோ வருசம் பொய்யைச் சொன்ன மனுசன், உண்மையைச் சொன்ன ஒரே நாளில் ஒருவரும் நம்பவில்லை. இவர் சிரிக்கவில்லை. கதவுச்சீலையைப் பார்த்தபடியே இருந்தார்.

கத்த வீட்டில் குரவையிடுவது எங்களில் வழக்கமில்லை. இருந்திருந்தால் நான் அன்றைக்கு இட்டிருப்பேன்.